காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்தபடி கென்யாவுக்கு வேலை பார்த்தேன்

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் தெருவில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எப்ப ஃபிளைட்டு?" செட்டிநாட்டில் இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இன்றைக்கும் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். போகாமலே வெளிநாட்டு வேலை என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. அப்பத்தா நேராகவே கேட்டாள்: "போகவும் வேணாம், சம்பளமும் இல்லைன்னா, அதுக்குப் பேரு வேலையா ஆத்தா?"

கேள்வி நியாயமானதுதான். இப்போது என் ஜூனியர்களும் அதையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி என்று வெளிநாட்டு அமைப்புகள் இணையவழியில் தரும் இன்டர்ன்ஷிப்பால் ஏதாவது பிரயோசனம் உண்டா, அல்லது சான்றிதழ் சேர்க்கிற வேலையா? என் அனுபவத்தில் பிரயோசனம் உண்டு. ஆனால் அது அமைப்பின் பெயரால் வருவதில்லை. அவர்களிடம் நமக்கென்று குறிப்பான ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நாம் நம் ஊரிலிருந்து கொண்டுபோக ஏதாவது இருக்க வேண்டும்.

நான் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன். வேலை பார்த்தது நைரோபியில் சின்ன அலுவலகம் வைத்து, கிட்டுயி என்ற வறண்ட பகுதியில் மணல் அணைகள் கட்ட உதவும் ஒரு அமைப்புக்கு.

தேட ஆரம்பித்தபோது வந்து விழுந்தவை பெரும்பாலும் விளம்பரங்கள். காலநிலைத் தூதர், பசுமைத் தலைவர் என்று ஏதோ ஒரு பட்டம், சில வார வீடியோ வகுப்பு, கடைசியில் சான்றிதழ், அதற்கு டாலரில் கட்டணம். ஓரிடத்தில் நேர்காணல்கூட இல்லாமல் தேர்வுக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். அடுத்த மெயிலில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள். பணம் கட்டிச் சேர்வது படிப்பு. அது உங்களுக்குத் தேவைப்பட்டால் படிப்பு என்று தெரிந்தே சேருங்கள், இன்டர்ன்ஷிப் என்று நம்பிச் சேராதீர்கள்.

ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, வீட்டிலிருந்தே செய்யும் பணிகளுக்கென்று ஒரு தளம் வைத்திருக்கிறது. 18 வயது நிரம்பியிருந்தால் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, ஊதியமும் இல்லை. ஒரு பணி அதிகம் போனால் 12 வாரம்; வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டாது. மொழிபெயர்ப்பு, ஆய்வு, வடிவமைப்பு என்று பலவிதமான வேலைகள் வரும். இன்டர்ன்ஷிப் என்ற பெயர் அதற்குக் கிடையாது. கல்லூரியில் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் முன்கூட்டியே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 2009-ல் அறிவித்த மாணவர்களுக்கான இணையவழித் திட்டத்தையும் ஆசையாகப் படித்துப் பார்த்தேன். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்று தகுதிப் பகுதியில் இருந்தது. எந்த அறிவிப்பானாலும் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

எனக்குக் கிடைத்தது எந்தத் தளம் வழியாகவும் இல்லை, நேரடி மெயிலில்தான். நிறைய பேருக்கு எழுதினேன். பெரிய அமைப்புகளிடமிருந்து தானியங்கிப் பதில்தான் வரும், சிலரிடமிருந்து அதுவும் வராது. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கிற சின்ன அமைப்புகள் பதில் போடுகின்றன. அங்கே ஆள் பற்றாக்குறை, செய்யாமல் கிடக்கிற வேலை எக்கச்சக்கம்.

அந்த மெயிலில் என்ன எழுதினேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏழெட்டு வரிதான். "சிறு வயது முதலே இயற்கையின் மீது ஆர்வம்" என்பது போன்ற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. உங்கள் அணைகள் இருக்கும் இடங்களின் செயற்கைக்கோள் படங்களை என்னால் அலச முடியும், வாரம் இத்தனை மணி நேரம் தர முடியும், மாதிரிக்கு ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த வரைபடம் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்கள், ஊருணிகள், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள். கல்லூரி புராஜெக்ட்டுக்காக க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் எங்கள் கண்மாய் வெறும் நீலத் திட்டாக இருக்கும். எந்த மடை எந்த வயலுக்கு, கலுங்கு வழிந்தால் தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்பதெல்லாம் இருக்காது. அதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்திருந்தேன். நேர்காணலில் என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அந்த வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, இந்தக் கால்வாய் ஏன் வளைகிறது, இந்தக் குளம் யாருடையது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். மணல் அணை நம்மூர்த் தடுப்பணைக்கு நேர் எதிர். தடுப்பணையில் மணல் சேர்ந்தால் தூர்வார வேண்டும். இங்கே மணல் சேர்வதற்காகவே கட்டுகிறார்கள். மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாற்றின் குறுக்கே கல்லும் சிமென்ட்டுமாக ஒரு சுவர். சில மழைப் பருவங்களில் சுவரின் மேல்பக்கம் மணலால் நிரம்பிவிடும். அந்த மணலின் இடுக்குகளில் தண்ணீர் தங்கும். மொத்தக் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல்கூட நீராக இருக்கலாம். வெயில் அதை அவ்வளவாகக் குடிக்காது, கொசு முட்டையிடாது, மணலே வடிகட்டியும் கொடுத்துவிடும். ஆற்றில் பெருமணல் இருந்தால்தான் இது நடக்கும். வண்டல் வந்து அடைத்தால் சுவர் மட்டும்தான் மிஞ்சும். மணல் அள்ளினாலும் கதை முடிந்தது. பக்கத்து மாவட்டமான மக்குவேனியில் மணலைக் காக்க 2015-ல் தனிச் சட்டமே போட்டார்கள். வைகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை அப்பத்தாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் வியப்பில்லை. "அந்தக் காலத்துல கோடையில ஆத்துக்குள்ள ஊத்துத் தோண்டித்தானே குடிச்சோம். செரட்டையால மோந்து மோந்து குடத்துல ஊத்துவோம்" என்றாள். கிட்டுயியிலும் பெண்கள் ஆற்று மணலில் குழி தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஊற்றில் தண்ணீர் ஊறி வர எவ்வளவு நேரமாகும், காலையில் யார் முதலில் போவார்கள், மாட்டுக்குத் தனிக் குழியா என்று அவள் கேட்டதை அப்படியே என் கேள்விப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். களத்தில் இருந்தவர் ரொம்பவும் ரசித்துப் பதில் அனுப்பினார். (மாட்டுக்குத் தனிக் குழிதான்.)

எனக்குக் கொடுத்த வேலை, கட்டிய அணைகள் பலன் தருகின்றனவா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் மணலுக்குள் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆறு வெள்ளை வெளேரென்ற ஒரு கோடாகத்தான் தெரியும். அதனால் சுற்றிவளைத்துப் பார்க்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வறட்சி. அப்போது கரையோரச் செடிகொடிகள் பச்சையாக இருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது என்று கணக்கு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் எல்லாருக்கும் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு வந்துவிடும். அணைக்கு மேல்பக்கம் எவ்வளவு, அணையில்லாத பக்கத்து ஆற்றில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும்.

முதல் சுற்று முடிவுகள் பிரமாதமாக வந்தன. சில இடங்களில் எதிர்பார்த்ததைவிட அடர்த்தியான பச்சை. கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. சிவகங்கைச் சீமையில் சித்திரை வெயிலில் புல் பூண்டெல்லாம் கருகிக் கிடக்கும்போது, வறண்ட கண்மாய்க்குள் பச்சையாக நிற்பது என்ன என்று இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: சீமைக்கருவேலம். அதன் ஆணிவேர் எங்கோ ஆழத்தில் இருந்து உறிஞ்சும். அது பச்சையாக நிற்கிறது என்றால் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அதனால் அங்கே இந்த மரம் உண்டா என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் கள அலுவலர் சிரித்துவிட்டார். உண்டு, 'மதெங்கே' என்பார்கள். 1980-களில் விறகுக்காகவும் பாலைவனமாவதைத் தடுக்கவும் கொண்டுவந்து நட்டது, பிறகு கட்டுக்கடங்காமல் போய்விட்டது. அதன் இனிப்பான நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் போய்விட்டதென்று பாரிங்கோ பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். பல்லில்லாத ஆட்டையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். நாங்கள் இங்கே கரிமூட்டம் போடுவதைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் அதே கரிமூட்டம். அன்றைக்குக் கூட்டத்தில் வேறு வேலையே நடக்கவில்லை.

அதன் பிறகு அடர்பச்சையாகத் தெரிந்த இடங்களின் பட்டியலைக் களத்துக்கு அனுப்பினோம். ஜிபிஎஸ் குறிப்போடு போட்டோக்கள் திரும்பி வந்தன. கிட்டுயியில் தானா ஆற்றை நோக்கிய கிழக்குப் பக்கத்தில் சில இடங்கள் மதெங்கேதான். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கியபோது முடிவு கொஞ்சம் மங்கியது, ஆனால் நம்பத்தக்கதாக ஆனது. அப்பத்தாவின் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் இந்த ஒரு வாரம்தான். மென்பொருள் தெரிந்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். வறண்ட கண்மாய்க்குள் நடந்து முள் குத்து வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் நானும் அந்தக் கள அலுவலரும் மட்டும்தான்.

அடுத்து, இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து செய்வது? கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை அப்பா பார்த்துக்கொள்கிறார்; உரிமையாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கோடையிலும் குளுகுளுவென்று இருக்கிற அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் செல்போன் சிக்னலுக்கு எமன். முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் போனால் ஒரு கோடு, அதற்கும் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டில் அதுவும் கிடையாது. ஆகவே என் அலுவலகம் முகப்புத் திண்ணை. வீடு பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் கூகுள் மீட்டில் என் பின்னால் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு நைரோபியில் கேட்க, கூரை மழை முற்றத்தில் இறங்குவது, மிச்சம் கால்வாய் வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் போவது என்று ஒருநாள் முழு விளக்கமே கொடுக்க வேண்டி வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது வீடுகளோடு இந்த நீர் ஏற்பாட்டையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

டேட்டா விஷயத்தில் ஒரு யோசனை. செயற்கைக்கோள் படங்களை முழுதாக இறக்கிக்கொள்ளாதீர்கள். சென்டினல்-2-ன் ஒரு சதுரம் பல நூறு எம்பி; தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். கூகுள் எர்த் எஞ்சினில் படிப்புக்கும் ஆய்வுக்கும் இலவசக் கணக்கு உண்டு. கணக்கெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் நடக்கும். விடையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பே போதும். படத்தைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றால் கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம் இருக்கிறது.

நேரம் பெரிய தொல்லை இல்லை. கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய காலை ஒன்பது நமக்குப் பதினொன்றரை. கல்லூரி முடிந்து வந்து அவர்களுடைய மதியத்தைப் பிடித்துவிடலாம். அமெரிக்க அமைப்பு என்றால் ராத்திரி விழிக்க வேண்டும், செமஸ்டர் நேரத்தில் அது தாங்காது. நிதி தரும் ஜெர்மன்காரர்கள் இருக்கும் கூட்டத்துக்கு மட்டும் கவனம் வேண்டும்: அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், மூன்றரை மணி வித்தியாசம் நாலரையாகிவிடும். அழைப்பில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நம் பக்கத்துச் சமாச்சாரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் பேப்பரில் வந்ததும் நான் ஒரு வரி போட்டுவிடுவேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, நைரோபியிலும் கரண்ட் போகும்.

நேரில் பார்க்காத இடத்தில் நாம் வேலை செய்கிறோம் என்பதே எழுத்தில்தான் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சின்னக் குறிப்பு: என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். "சார் பிஸியாக இருப்பார், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று காத்திருப்பது நமக்குக் கல்லூரியில் ஊறிப்போன பழக்கம். கேட்கவில்லை என்றால் நமக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றதும் எனக்கு வாயே வரவில்லை. அம்மா வயதுள்ளவரை எப்படி? கொஞ்ச நாள் பேரைத் தவிர்த்து "ஹலோ" வைத்தே ஓட்டினேன். பிறகு பழகிவிட்டது.

பண விஷயம். ஊதியமில்லாத வேலைக்கு அரை நாள் கொடுக்கலாம், முழு நாள் கொடுக்காதீர்கள். வீட்டில் வருமானம் தேவைப்படுகிற பிள்ளைக்கு அரை நாளும் பெரிசுதான். "அனுபவம் கிடைக்குமே" என்று அவர்களிடம் சொல்வது அநியாயம். டேட்டா செலவையாவது தருவீர்களா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். நான் கேட்டேன், மாதாமாதம் ஒரு சின்னத் தொகை தர ஒத்துக்கொண்டார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன்பே கல்லூரிக்காக மூன்று காகிதம் வாங்கி வையுங்கள்: அமைப்பின் லெட்டர்ஹெட்டில் தேதியும் மணி நேரமும் போட்ட கடிதம், துறையின் தடையில்லாச் சான்று (என்ஓசி), எத்தனை கிரெடிட் என்பதற்கு எழுத்தில் ஒப்புதல். முடித்த பிறகு போனால் "ஆன்லைன்லயா? அப்ப சீல் எங்க?" என்று ஆரம்பிப்பார்கள். டிஜிட்டல் கையெழுத்து போதாதென்று என்னிடமும் சொன்னார்கள். தயங்கித் தயங்கி நைரோபிக்கு எழுதினேன். மறுநாளே தேதி போட்ட நீல ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் அரசு அலுவலகத்தில் சீல் இல்லாமல் ஒன்றும் நகராதாம்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், மரியாதையாக, பொதுவாக, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி எழுதிக் கொடுப்பார்கள். என் கடிதத்தில் மதெங்கே சங்கதி ஒரு பத்திக்கு வந்திருக்கிறது. அடுத்து போன நேர்காணலில் கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

வேலையை ஒப்படைப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். நான் எழுதிய நிரலை, எந்த வரி எதற்கு, எந்த எண்ணை ஏன் வைத்தேன், எந்த இடங்களை ஏன் நீக்கினேன் என்ற குறிப்போடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு அடுத்து வந்திருப்பது நைரோபியிலேயே படிக்கும் ஒரு மாணவி. போன வாரம் மெயில் போட்டிருந்தாள்: பச்சை என்று கணக்கில் எடுக்கும் பசுமைக் குறியீட்டின் எல்லையை 0.3 என்று ஏன் வைத்தீர்கள், 0.25 கூடாதா? குறிப்பின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, தனக்கு அதில் உடன்பாடில்லை என்று பதில் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை பேசுகிறோம்.